இரண்டு கப்பல், ஒரு இஞ்சு டேப்: வீட்டுத் தரையில் கடற்போர் ஆட்டம்

சின்னக் கப்பல்களைத் தரையில் நகர்த்தி ஆடும் கடற்போர் ஆட்டத்தில் ஆசை வந்தவர்களில் பலர் நேராக ஜட்லாண்டில் போய் நிற்பார்கள். 1916-ல் வட கடலில் நடந்த அந்தச் சண்டையில் பிரிட்டன், ஜெர்மனி இரண்டு பக்கமும் சேர்த்து 250 கப்பல்கள். அத்தனையையும் அட்டையில் செய்து முடிக்கலாம் என்று உட்கார்ந்தால், பத்தாவது கப்பலிலேயே கத்தியும் கோந்தும் அலமாரிக்குப் போய்விடும். ஆட்டம் ஒன்றுகூட நடந்திருக்காது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இரண்டே கப்பல் செய்யுங்கள். அடுத்த வாரமே ஆடுங்கள். மீதியெல்லாம் அப்புறம்.

அந்த இரண்டு கப்பல் எவை என்பதிலும் எனக்குச் சந்தேகமே கிடையாது: எம்டன், சிட்னி. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு அருகே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் குரூசர் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்) எம்டன். அதன் குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. அந்தக் கப்பலின் கதை நவம்பர் 9-ம் தேதி, இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுகள் பக்கம் முடிந்தது. முடித்து வைத்தது ஆஸ்திரேலியாவின் சிட்னி. ஒரு கப்பலுக்கு ஒரு கப்பல், பகல் வெளிச்சம், குறுக்கே வர வேறு யாரும் இல்லை. விதிகளைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சுத்தமான சண்டை எனக்குத் தெரிந்து கிடையாது.

அன்று நடந்தது

ஆடுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விதிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது அப்போதுதான் புரியும்.

எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர், டைரக்‌ஷன் தீவில் இருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தை உடைப்பதற்காகக் காலையில் ஐம்பது பேரைக் கரையில் இறக்கினார். நிலையத்தில் இருந்தவர்கள் அதற்குள் 'அந்நியக் கப்பல் வந்திருக்கிறது' என்று செய்தி தட்டிவிட்டார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிக்கொண்டு போன கப்பல் கூட்டம் ஒன்று அன்று அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதன் காவலுக்கு வந்த கப்பல்களில் ஒன்றான சிட்னி பிரிந்து விரைந்து வந்தது. கரையில் இருந்த ஆட்களை விட்டுவிட்டு எம்டன் நங்கூரம் தூக்கியது.

9:40 மணி வாக்கில், 10,000 கெஜத்துக்குச் சற்று அதிகமான தூரத்தில் எம்டன்தான் முதலில் சுட்டது. ஜெர்மன்காரர்களின் சிறு பீரங்கி அவ்வளவு தூரம் எட்டும் என்று சிட்னியின் கேப்டன் ஜான் கிளாசப் எதிர்பார்க்கவில்லை. ஆரம்பக் குண்டுகளிலேயே சிட்னியின் முன்பக்கத் தூரமானி போயிற்று. பின்பக்கச் சுடு கட்டுப்பாட்டு மேடையும் நொறுங்கியது. அப்புறம் கிளாசப் சுதாரித்துக்கொண்டார். தன் வேகத்தை வைத்து விலகி நின்று, பெரிய பீரங்கிகளால் அடித்தார். டார்பீடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) விடும் தூரத்துக்கு நெருங்க முல்லர் எடுத்த முயற்சி பலிக்கவில்லை. புகைபோக்கிகள் சாய்ந்து, சுக்கான் போய், 11:20 வாக்கில் வடக்குக் கீலிங் தீவின் பவளப் பாறையில் கப்பலை அவரே ஏற்றி நிறுத்தினார். எம்டனில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிட்னியில் நான்கு பேர்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். எம்டனில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கி பத்து. முன்னால் பக்கத்துக்குப் பக்கமாக ஒரு ஜோடி, பின்னால் அதேபோல ஒரு ஜோடி, இரண்டு விலாவிலும் மும்மூன்று. எந்தப் பக்கம் எதிரி இருந்தாலும் ஒரே சமயத்தில் சுடக்கூடியவை ஐந்துதான். சிட்னியில் 6 அங்குலப் பீரங்கி எட்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, விலாவுக்கு மூன்று. அங்கேயும் பக்கவாட்டில் ஐந்து. ஆக, ஐந்துக்கு ஐந்து. ஆனால் எம்டனின் குண்டு 17.4 கிலோ, சிட்னியின் குண்டு 45 கிலோ. ஒருமுறை மொத்தமாகச் சுட்டால் ஒரு பக்கம் 87 கிலோ, மறுபக்கம் 225 கிலோ. சண்டையின் முடிவு பாதி இங்கேயே எழுதப்பட்டுவிட்டது. மீதிப் பாதியை எழுதத்தான் நீங்கள் தரையில் உட்காரப் போகிறீர்கள்.

அளவுகள்

இரண்டு அளவுகள் உண்டு. கப்பலுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கப்பலுக்கு 1:1200 வைத்துக்கொள்ளுங்கள். எம்டன் நிஜத்தில் 118.3 மீட்டர் நீளம், பதின்மூன்றரை மீட்டர் அகலம். 1200-ஆல் வகுத்தால் 99 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம். சிட்னி 139 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அது 116 மில்லிமீட்டரும் 13 மில்லிமீட்டருமாக வரும். விரல் நீளக் கப்பல்கள். கையில் பிடித்து வேலை செய்யலாம், பீரங்கியும் கண்ணுக்குத் தெரியும். இதைவிடச் சிறிய 1:2400, 1:3000 அளவுகள் பெரிய கடற்படைகளுக்கு நல்லவை. முதல் முறை செய்கிறவரின் விரலுக்கு அவை ஒத்துவராது.

அதே 1:1200-ஐக் கடலுக்கும் வைத்தால் 10,000 கெஜம் என்பது ஏழரை மீட்டருக்கு மேல் வந்துவிடும். அவ்வளவு பெரிய கூடம் நம்மில் யாருக்கு இருக்கிறது? அதனால் தரையில் 1 சென்டிமீட்டர் என்றால் 100 கெஜம். ஒரு சுற்று என்றால் மூன்று நிமிடம். மீட்டரை விட்டுக் கெஜத்துக்குப் போனதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் போகும் கப்பல் மூன்று நிமிடத்தில் ஏறத்தாழ 100 கெஜம் நகரும். 23 நாட் வேகமா, 23 சென்டிமீட்டர் நகர்த்துங்கள். பெருக்கலும் வேண்டாம், கால்குலேட்டரும் வேண்டாம். மாலுமிகளே பயன்படுத்தும் கணக்கு இது.

இதில் ஒரு விளைவு உண்டு. கடலின் கணக்கில் பார்த்தால் உங்கள் கப்பல் ஆயிரம் கெஜ நீளத்துக்குக் கிடக்கும். அதனால் கப்பலில் ஒரே ஒரு புள்ளியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். முன்பக்கக் கொடிமரம் அதற்கு வசதி. தூரம் அளப்பதும் நகர்த்துவதும் திருப்புவதும் அந்தக் கொடிமரத்திலிருந்துதான். மற்றதெல்லாம் கண்ணுக்கு அழகு.

கப்பல் கட்டுவது

தினசரி காலண்டரின் பின் அட்டை ஒன்று, பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று, பட்ஸ் குச்சி, தென்னந்துடைப்பத்து ஈர்க்கு, ஃபெவிகால், ஃபெவிக்விக், நைஸ் உப்புத்தாள், பிளேடு மாற்றும் பேப்பர் கத்தி, இரும்பு ஸ்கேல். சாமான் இவ்வளவுதான். பால்சா மரம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குறையில்லை. தெர்மோகோல் மட்டும் வேண்டாம். ஓரம் உதிரும், ஃபெவிக்விக் பட்டால் கரைந்தும் போகும்.

நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பகுதியை மட்டும்தான் செய்கிறோம். அடிப்பாகம் தட்டை. கப்பலை மேலிருந்து பார்த்தால் தெரியும் வடிவத்தைக் காலண்டர் அட்டையில் வரையுங்கள். முதலில் நடுக்கோடு, பிறகு அகலம். எம்டனுக்கு இருபுறமும் ஐந்தரை மில்லிமீட்டர். முன்முனை ஊசியாகவும், பின்முனை உருண்டையாகவும் இருக்கட்டும். அதேபோல இரண்டு துண்டு வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஃபெவிகாலில் ஒட்டி, கனமான புத்தகத்துக்கு அடியில் இரவு முழுக்க வையுங்கள். ஒரே வெட்டில் அட்டையை அறுக்கப் பார்க்காதீர்கள். கத்தியை லேசாக நான்கைந்து தடவை ஓட்டினால்தான் ஓரம் நேராக வரும்.

மூன்றாவது அடுக்கில்தான் ஒரு கப்பல் இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது. எம்டனில் முன்பக்கமும் பின்பக்கமும் உயர்ந்து, நடுப்பகுதி தாழ்ந்திருக்கும். அதனால் இரண்டு முனைக்கும் தனித்தனித் துண்டு. சிட்னியில் முன்பக்கத் தளமே கப்பலின் மூன்றில் இரண்டு பங்கு தூரம் நீண்டு வந்து, பின்னால் படியிறங்கும். அங்கே ஒரே நீளத் துண்டு.

காய்ந்ததும் அட்டையின் ஓரம் முழுக்க ஃபெவிக்விக்கை மெல்ல ஓட விடுங்கள். அட்டை அதை உறிஞ்சிக்கொண்டு பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். பிறகு உப்புத்தாளில் தேய்த்தால் அடுக்குகளின் கோடு மறைந்து, ஒரே மரத்தில் கடைந்தது போல ஆகும். அட்டை மாடலை நிமிர்த்தி நிறுத்துவது இந்த ஒரு வேலைதான், இதைத் தவிர்க்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். வழிந்ததைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்கப் போகாதீர்கள். ஃபெவிக்விக் பருத்தியில் பட்டால் கை சுடும் அளவுக்குச் சூடேறும்.

இனிப் புகைபோக்கிகள். எம்டனுக்கு மூன்று, சிட்னிக்கு நான்கு. அந்தக் காலத்து மாலுமிகள் தொடுவானத்தில் ஒரு கப்பலை அடையாளம் கண்டதே இவற்றை எண்ணித்தான். முல்லர் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றை நிறுத்தி, பிரிட்டிஷ் குரூசர் போல வேஷம் போட்டு, அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் குரூசர் ஜெம்சுக்கை மூழ்கடித்தார். கோகோஸிலும் அதே வேஷம்தான். ஆனால் தந்தி நிலையத்தார் ஏமாறவில்லை. நாமும் அவர்களைப் போலத்தான், கைநீட்டும் தூரத்தில் இருந்து பார்த்து 'இது எம்டன், அது சிட்னி' என்று சொல்லப் போகிறோம். ஆகவே புகைபோக்கியின் எண்ணிக்கை, இடைவெளி, உயரம் மூன்றும் சரியாக இருந்தால் பாதிக் கப்பல் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகுகள், கைப்பிடிக் கம்பிகள், கயிறுகள் எல்லாம் இந்த அளவில் தேவையே இல்லை.

பட்ஸ் குச்சியின் நடுப்பகுதி ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் தடிமன். 1:1200-ல் அது மூன்று மீட்டர் குழாய். பொருத்தமான அளவு. ஒரே நீளத்துக்கு வெட்டுவதற்கு ஒரு வழி: ஸ்கேலில் ஒரு தீக்குச்சியை ஒட்டித் தடுப்பு வைத்துக்கொண்டு, குச்சியை அதில் முட்ட வைத்து வெட்டுங்கள். கண்ணளவில் வெட்டினால் ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும் நின்று எப்போதும் உறுத்தும்.

கொடிமரத்துக்கு ஈர்க்கின் மெல்லிய நுனி. கப்பலுக்கு இரண்டு. சிட்னியின் படம் தேடும்போது கவனம் வேண்டும். மூன்று கால் கொடிமரத்தோடு இருக்கும் படங்கள் 1917-க்குப் பிந்தையவை. அந்த மரம் இன்றும் சிட்னி நகரத்தில் பிராட்லிஸ் ஹெட் முனையில் நிற்கிறது. 1914-ல் இருந்தது ஒற்றை மரம். கேப்டன் நின்று கப்பலை நடத்தும் பாலத்துக்கும் பீரங்கிக் கவசங்களுக்கும் கல்யாணப் பத்திரிகையைச் சின்னச் சின்னப் பெட்டிகளாக ஒட்டுங்கள். பீரங்கிக் குழாய் சில மில்லிமீட்டர்தான். மின்கம்பியின் ஒரு செம்பு இழை போதும்.

வர்ணம் அக்ரிலிக். எம்டன் போருக்கு முன்னால் வெள்ளையாக இருந்து 'கிழக்கின் அன்னம்' என்று பெயர் வாங்கிய கப்பல். போர் வந்ததும் சாம்பலுக்கு மாறியது. இரண்டையும் சாம்பலாகவே அடியுங்கள், ஒன்றை மட்டும் ஒரு சாயல் வெளிறலாக. தளத்துக்கு மரநிறம், புகைபோக்கியின் வாய்க்குக் கறுப்பு. கடைசியாகக் கறுப்பு வர்ணத்தை நிறையத் தண்ணீரில் கலந்து மேலே பூசி, உடனே டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். இடுக்குகளில் மட்டும் கறுப்பு தங்கி, ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக எழுந்து நிற்கும்.

அட்டைக் கப்பல் காற்றுக்குப் பறக்கும். வெல்டிங் பட்டறையில் தேய்ந்துபோன ஹேக்ஸா பிளேடு கேட்டால் கொடுப்பார்கள். அதில் கப்பல் நீளத்துக்கு ஒரு துண்டை (துணியில் சுற்றி, பிளையரால் உடையுங்கள்) அடியில் ஒட்டிவிட்டால் எடையும் வரும், உறுதியும் வரும். அப்படியும் ஆடும்போது ஃபேனை நிறுத்திவிடுவது நல்லது. புள்ளி எழுதிய சீட்டுகள் பறக்கும்.

கடல்

மேஜையைவிடத் தரை நல்லது. மூன்றுக்கு இரண்டு மீட்டர் காலி இடம் போதும். டைல்ஸ் தரையில் அப்படியே ஆடக் கூடாது. இரண்டடி டைல்ஸின் கோடுகளை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும், ஆட்டத்தின் உயிரே போய்விடும். கோடு, பூ எதுவும் இல்லாத நீல நிறப் பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் விரியுங்கள்.

கப்பல்கள் சுற்றுக்கு இருபது சென்டிமீட்டருக்கு மேல் ஓடுவதால் துணியின் ஓரம் சீக்கிரம் வந்துவிடும். பதற வேண்டாம். துணியில் உள்ள எல்லாவற்றையும் ஒரே திசையில் ஒரே தூரம் பின்னுக்கு நகர்த்துங்கள். நடுக்கடலில் எந்த இடமும் ஒன்றுதான். ஒன்றுக்கொன்று எங்கே இருக்கின்றன என்பதுதான் முக்கியம்.

விதிகள்

எம்டனுக்கு அதிகபட்ச வேகம் 23, சிட்னிக்கு 25. ஐம்பது டன்னுக்கு ஒரு புள்ளி என்று உயிர்ப்புள்ளி: 3,600 டன் எம்டனுக்கு 72, 5,400 டன் சிட்னிக்கு 108. குண்டின் எடையை வைத்துச் சேதம்: எம்டனின் ஒரு அடிக்கு 2 புள்ளி, சிட்னியின் ஒரு அடிக்கு 5. இரண்டு கப்பலையும் ஒரே திசை பார்த்து, 105 சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் முதலில் உத்தரவு. இருவரும் ஒருவருக்கொருவர் காட்டாமல் சீட்டில் எழுதுகிறார்கள்: 'நேர் 10, வலம் 45, நேர் 7' என்பது போல. மொத்தம் உங்கள் வேகத்தைத் தாண்டக் கூடாது. திரும்புவதற்கு ஒரு பழைய சிடி. அதன் விளிம்பில் எட்டுச் சம இடைவெளியில் மார்க்கர் கோடு போட்டுக்கொண்டால், ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு 45 டிகிரி. விளிம்போடு கப்பலைச் சுற்றி நகர்த்துங்கள். ஒவ்வொரு 45 டிகிரிக்கும் 5 சென்டிமீட்டர் செலவு. மேலே எழுதிய உத்தரவு பத்தும் ஐந்தும் ஏழுமாக இருபத்திரண்டு நாட். சீட்டுகளைத் திறந்த பிறகு மாற்றக் கூடாது. எதிரி திரும்பிய திசையைப் பார்த்து வரும் ஏமாற்றத்தில்தான் அடுத்த சுற்றின் யோசனை பிறக்கும்.

நகர்ந்து முடிந்ததும் சுடுதல். இருவரும் எதிரியின் கொடிமரம் எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கண்ணால் மட்டும் பார்த்து, எண்ணைச் சீட்டில் எழுதுகிறார்கள். சாண் வைத்துப் பார்ப்பதோ, கையைத் துணியின்மேல் நீட்டி ஒப்பிடுவதோ கூடாது. எழுதிய பிறகுதான் தையல்காரரின் இஞ்சு டேப் வெளியே வர வேண்டும். ஊகம் 5 சென்டிமீட்டருக்குள் சரியாக இருந்தால் ஐந்து பகடையும் உருட்டலாம். 10-க்குள் இருந்தால் மூன்று. அதற்கு மேல் பிசகினால் குண்டெல்லாம் கடலில். தூரம் 80-க்கு மேல் என்றால் 6 விழுந்தால்தான் அடி. 40-லிருந்து 80 வரை 5, 6. அதற்குக் கீழே 4, 5, 6. எதிரி உங்கள் நேர் முன்னாலோ நேர் பின்னாலோ இருந்தால் இரண்டு பகடைக்கு மேல் கிடையாது. பக்கவாட்டைக் காட்டினால்தான் ஐந்து பீரங்கியும் பேசும். இரண்டு பக்கச் சேதத்தையும் சுற்றின் முடிவில் ஒன்றாகக் கழியுங்கள். யார் முதலில் உருட்டினார் என்பது பொருட்டில்லை.

இந்தக் கண்ணளவு விதி புதிது இல்லை. 1930-களில் நியூயார்க்கில் ஃப்ளெட்சர் பிராட் என்ற எழுத்தாளர், நண்பர்களோடு மரக் கப்பல்களைத் தரையில் பரப்பி ஆடிய ஆட்டத்தின் மையமே இதுதான். அதற்கும் முன்னால், 1898-ல், பிரிட்டனின் ஃப்ரெட் ஜேன் கப்பலின் படத்தை ஊசி பொருத்திய மட்டையால் அடிக்கச் சொல்லி ஆட்டம் அமைத்தார். பகடை மட்டும் முடிவு செய்யும் ஆட்டங்களும் நிறைய இருக்கின்றன. என் ஓட்டு பிராட்டுக்குத்தான். 1914-ல் ஒரு பீரங்கி அதிகாரியின் கையில் இருந்த ஒரே கேள்வி 'எவ்வளவு தூரம்?' என்பது. அதே கேள்வியை நீங்களும் முழங்காலில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக் கேட்டுக்கொள்ளும்போது வரும் பரபரப்பைப் பகடை தராது.

இரண்டு சேர்க்கை விதிகள். ஒரே உருட்டலில் இரண்டு 6 விழுந்தால் எதிரியின் தூரமானி போயிற்று. அதன் பிறகு அவருக்கு 5, 10 என்ற சலுகை 3, 6 ஆகக் குறையும். அடுத்தது, உயிர்ப்புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு போகும்போதெல்லாம் வேகத்தில் 6 நாட்டும், பகடையில் ஒன்றும் குறையும்.

ஒரு சுற்றை நடத்திப் பார்ப்போம். எம்டன் 22 நாட்டில் நேராக, சிட்னி 20 நாட்டில் லேசாக உள்ளே திரும்பி நகர்கின்றன. எம்டன்காரர் 98 என்று எழுதுகிறார். சிட்னிக்காரர் 115. டேப் 103 காட்டுகிறது. எம்டனின் பிசகு 5, ஐந்து பகடையும் உண்டு. விழுந்தவை 6, 6, 3, 2, 1. தூரம் 80-க்கு மேல் என்பதால் 6 மட்டும் கணக்கு. இரண்டு அடி, 4 புள்ளி. சிட்னி 104-க்கு இறங்குகிறது, இரட்டை 6 என்பதால் தூரமானியும் போகிறது. சிட்னியின் பிசகு 12, அத்தனையும் தண்ணீரில். கோகோஸ் சண்டையின் ஆரம்பம் அப்படியே உங்கள் கூடத்தில்.

யார் ஜெயித்தார்?

சுட்டுச் சமாளித்து எம்டன் ஜெயிப்பது மிகக் கடினம். அதனால் ஜெயிப்பதற்கான நிபந்தனையை வேறு விதமாக வைக்க வேண்டும். சிட்னி 36 புள்ளி இழந்தால் எம்டனுக்கு வெற்றி. படைக்கப்பல்களுக்குக் காவல் வந்த குரூசர் அவ்வளவு அடி வாங்கினால் பிரிட்டனுக்கு அது பெரிய சங்கடம். இருபது சுற்று மிதந்து நின்றாலும் எம்டனுக்கே வெற்றி. நெருங்கிப் போய் டார்பீடோ விடவும் வழி வையுங்கள்: 20 சென்டிமீட்டருக்குள், ஆட்டத்துக்கு இரண்டே தடவை, பகடையில் 6 விழுந்தால் 40 புள்ளி. பன்னிரண்டாவது சுற்றில் எம்டனுக்கு 60 சென்டிமீட்டர் வடக்கே, ஒரு சாண் நீளத்தில் அட்டைத் தீவு ஒன்றை வையுங்கள். மூழ்குவதற்கு முன் எம்டன் அதைத் தொட்டுவிட்டால் ஆட்டம் சமன். முல்லர் தன் ஆட்களைக் காப்பாற்ற எடுத்த முடிவுக்கு அந்த மதிப்பு தர வேண்டும் என்பது என் எண்ணம்.

உண்மையில் சிட்னி பதினைந்து பதினாறு அடி வாங்கியது. எம்டன் நூறை ஒட்டி வாங்கியும் மூழ்காமல் நின்றது. நம் விதியில் எம்டன் பதினைந்து அடியிலேயே போய்விடும். தெரிந்தே அப்படி வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் ஆட்டம் விடிய விடியப் போகும்.

சிட்னி ஆடுகிறவருக்கு ஒரு வார்த்தை: 60-க்கும் 80-க்கும் நடுவில் நில்லுங்கள். அதைவிட நெருங்கினால் டார்பீடோவுக்கு வழி விடுகிறீர்கள், விலகினால் உங்கள் குண்டும் வீண். எம்டன் ஆடுகிறவர் முதல் நான்கைந்து சுற்றுக்குள் எதிரியின் தூரமானியை உடைக்கப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று திரும்பிக்கொண்டே இருங்கள். உங்களைத் தாக்குவதைவிட உங்கள் தூரத்தை ஊகிப்பதை அவருக்குக் கஷ்டமாக்குவதுதான் உங்கள் ஆயுதம்.

இரண்டு பேரும் பக்கம் மாற்றி ஒருமுறை ஆடிய பிறகு, அடுத்த சண்டைக்குப் போகலாம். நான் சொல்வது தென் அமெரிக்கக் கடற்கரைக்கு அப்பால் நடந்த ரிவர் பிளேட், 1939 டிசம்பர் 13. ஜெர்மனியின் கிராஃப் ஸ்பே ஒரு பக்கம், பிரிட்டன் பக்கத்தின் எக்ஸிடர், அஜாக்ஸ், அகிலிஸ் மூன்றும் மறுபக்கம். கிராஃப் ஸ்பே 186 மீட்டர், அதாவது உங்கள் அட்டையில் 155 மில்லிமீட்டர். எக்ஸிடர் 146 மில்லிமீட்டர், மற்ற இரண்டும் 141 மில்லிமீட்டர். கிராஃப் ஸ்பேயில் 11 அங்குலப் பீரங்கி ஆறு, எக்ஸிடரில் 8 அங்குலம் ஆறு, மற்ற இரண்டில் 6 அங்குலம் எட்டெட்டு. சண்டை 20,000 கெஜத்தை ஒட்டித் தொடங்கும், அதாவது இரண்டு மீட்டர். நான்கு பேர் வேண்டும். கிராஃப் ஸ்பேக்காரர் ஒவ்வொரு சுற்றிலும் யாரைச் சுடுவது என்று முடிவு செய்ய வேண்டும், மற்ற மூவரும் அவரைப் பிரித்து இழுக்க வேண்டும். காலண்டர் அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள், கிராஃப் ஸ்பேக்கு நான்கு அடுக்கு பிடிக்கும்.